முக்கால் சுற்றில் நிற்க வேண்டிய ஃபில்டர்: சர்வீஸ் நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ஆயில் ஃபில்டரை அளவுக்கு மீறி இறுக்கியதால் ஏற்பட்ட கசிவு – தங்கள் பதிலை ஏற்க இயலாமை – நிவாரணம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சர்வீஸ் நிலையத்தில் ஆயில் மாற்றிய பிறகு என் காரில் ஏற்பட்ட கசிவு பற்றித் தொலைபேசியில் புகார் சொல்லியிருந்தேன். அதற்கு எழுத்தில் பதில் அனுப்பியதற்கு நன்றி. அந்தப் பதிலில் ஒரு வரி வருகிறது: ஃபில்டரை ரெஞ்ச் போட்டு முழு பலத்தில் இறுக்கியிருக்கிறோம், ஆகவே கசிவுக்கும் எங்கள் வேலைக்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த வரிதான். முழு பலத்தில் இறுக்கினோம் என்பதை உங்கள் தரப்பு நியாயமாகச் சொல்கிறீர்கள். என் புகாரே அதுதான்.

என்னுடையது டர்போ பெட்ரோல் எஞ்சின் உள்ள பெர்ஃபாமன்ஸ் கார். ஃபில்டர் டப்பா வடிவத்தில், மரையில் சுற்றி ஏற்றும் வகை. எஞ்சினின் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் குழாய்க்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கும். சர்வீஸுக்கு விடும்வரை அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசிந்ததில்லை. வண்டி திரும்பி வந்த பின் முதல் நீண்ட பயணத்தில் நெடுஞ்சாலையில் எண்ணெய் கருகும் வாடை வந்தது. ஓரம்கட்டி பானெட்டைத் திறந்தபோது எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து நீலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே. எஞ்சினை உடனே அணைத்துவிட்டேன். அங்கிருந்து வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அருகிலிருந்த வேறொரு பட்டறையில், என் கண் முன்னாலேயே ஃபில்டரைக் கழற்றினார்கள். கழற்றினார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கைக்கு அது அசையவே இல்லை. ஸ்ட்ராப் ரெஞ்ச் வழுக்கியது. கடைசியில் செயின் ரெஞ்ச் மாட்டி, டப்பா நசுங்கிய பிறகுதான் சுற்ற ஆரம்பித்தது. வெளியே வந்த ஃபில்டரின் ரப்பர் கேஸ்கெட், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம், ஒரு பக்கம் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி, முறுக்கிக்கொண்டு, ஓரத்தில் கடிபட்டிருந்தது. எதிர்ப் பக்கத்தில் தகடுபோல் தட்டையாகியிருந்தது. டப்பாவின் உடம்பில் செயின் ரெஞ்ச் பதித்த தடத்தைத் தவிர, இறுக்கும் திசையில் விழுந்த பழைய கீறல்களும் இருந்தன. எல்லாவற்றையும் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஃபில்டர் எப்படி ஏற வேண்டும் என்று உங்கள் பணியாளர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பதிலைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் கேஸ்கெட்டும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் அது எஞ்சின் முகத்திலேயே, அதாவது ஃபில்டர் போய் உட்காரும் பரப்பிலேயே, ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புதியதை ஏற்றினால் ரப்பர் மேல் ரப்பர், அது ஒருநாளும் நிற்காது. பிறகு எஞ்சின் முகத்தைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். புதிய கேஸ்கெட்டில் புது எஞ்சின் ஆயிலை மெல்லிசாகத் தடவ வேண்டும். ஃபில்டரைக் கையால் சுற்றிக்கொண்டே போய், கேஸ்கெட் எஞ்சின் முகத்தைத் தொட்ட இடத்தைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து கையாலேயே இன்னும் முக்கால் சுற்று. என் காரின் கையேடு சொல்வது இதைத்தான். ஃபில்டர் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் படமும் இதைத்தான் சொல்கிறது. சில ஃபில்டர்களுக்கு ஒரு முழுச் சுற்று வரை போகலாம் என்று போட்டிருப்பார்கள். எதில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே அளவு. இறுக்குபவரின் கை பலம் அளவாகாது.

எண்ணெய் தடவும் அந்தச் சின்ன வேலையைத் தவறவிட்டதுதான் இங்கே ஆரம்பம் என்று நினைக்கிறேன். என் ஃபில்டரின் கேஸ்கெட் முறுக்கிக்கொண்ட விதமே அதற்குச் சாட்சி. உலர்ந்த ரப்பர் உலோகத்தின் மேல் வழுக்காது, பிடித்துக்கொள்ளும். டப்பா சுற்றும், ரப்பர் அசையாது. அந்த இழுவையில் அது பள்ளத்திலிருந்து எழும்பி ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும். இறுக்குபவரின் கைக்கோ எதிர்ப்பு தெரியும், ஃபில்டர் நன்றாக ஏறிவிட்டது போலவே இருக்கும். அதற்கு மேல் ரெஞ்ச் போட்டு இழுத்தால் சுருண்ட இடம் கடிபடும், மற்ற இடம் நசுங்கும். இதையெல்லாம் வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. கசிந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் சர்வீஸ் அட்வைசர் தொலைபேசியில் சொன்ன ஒரு காரணத்துக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். இது பெர்ஃபாமன்ஸ் கார், ஆயில் அழுத்தம் அதிகம், அதனால் சாதாரணக் காரைவிடக் கூடுதலாக இறுக்குவோம் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கணக்கு அப்படி இல்லை. கேஸ்கெட்டின் விட்டம் 70 மில்லிமீட்டர், எண்ணெய் அழுத்தம் 5 பார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் மேல் விழும் விசை ஏறக்குறைய 1,920 நியூட்டன், அதாவது சுமார் 196 கிலோ எடை. குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கும் வரை அழுத்தம் ஏறும். அந்தச் சுமையைத் தாங்குபவை மரையும் ஃபில்டரின் அடித்தகடும். எண்ணெயை வெளியே விடாமல் நிறுத்துவது ரப்பரின் மீள்விசை. ரப்பர் சரியான அளவுக்கு அமுங்கியிருந்தால் அது திரும்பத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளல்தான் மரையில் உராய்வை உண்டாக்கி, ஃபில்டர் அதிர்வில் தளர்ந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. அளவுக்கு மேல் நசுக்கினால், எஞ்சின் சூட்டில் ரப்பர் அந்த வடிவத்திலேயே இறுகிப்போய் மீள்விசையை இழக்கிறது. கூடுதல் இறுக்கம் கூடுதல் பிடிப்பைத் தருவதில்லை, இருக்கிற பிடிப்பையும் தின்றுவிடுகிறது. அடித்தகடு வளைவது, மரை சிதைந்துபோவது, அடுத்த முறை கழற்றும்போது எஞ்சினிலிருந்து ஃபில்டர் ஏறும் மரைக்குழாயே சேர்ந்து வந்துவிடுவது என்று மற்ற தொல்லைகளும் உண்டு.

பந்தயக் கார்களில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அதிர்வும் சூடும் வளைவுகளில் விழும் பக்க விசையும் அங்கே என் காரைவிடப் பல மடங்கு. அங்கேயும் ஃபில்டரைப் பலம் கொண்டமட்டும் இறுக்குவதில்லை. அளவாகவே இறுக்கிவிட்டு, டப்பாவைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளாம்ப் மாட்டி, அதைப் பாதுகாப்புக் கம்பியால் எஞ்சினோடு கட்டிவிடுவார்கள். சில ஃபில்டர்களின் தலையில் இதற்காகவே துளையிட்ட நட் இருக்கும். தளர்ந்துவிடுமோ என்ற பயத்துக்கு அவர்கள் கண்ட பதில் கம்பி. ஓடுபாதையில் எண்ணெய் சிந்தினால் பின்னால் வருகிறவர்கள் வழுக்குவார்கள் என்பதால் இதில் அங்கே யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. அப்படித் தலையில் நட் உள்ள ஃபில்டர்களிலும் அந்த நட் முக்கியமாகக் கழற்றுவதற்கு உதவத்தான்.

வேறு வகைகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. உள்ளே காகித எலிமென்ட்டை மட்டும் மாற்றி மேலே பிளாஸ்டிக் மூடி போடும் வகையில் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். பல மூடிகளில் 25 நியூட்டன் மீட்டர் என்று மேலேயே பொறித்திருப்பார்கள். மூடியின் ஓ-ரிங்கை (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) புதிதாக மாற்றி, அதற்கென்று உள்ள பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். ஆனால் அங்கேயும் எண் இருக்கிறது. முழு பலம் என்ற அளவு எந்தக் கையேட்டிலும் நான் கண்டதில்லை.

அடுத்து, உங்கள் நிலையம் முன்வைத்த தீர்வு. வண்டியைக் கொண்டுவாருங்கள், இன்னும் அரைச் சுற்று கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்குக் கவலை அதிகமானது. பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிட்ட கேஸ்கெட்டை மேலும் இறுக்கி உள்ளே அனுப்ப முடியாது. கசிகிற ஃபில்டரைக் கழற்றி, இரு முகங்களையும் பார்த்து, புதிய ஃபில்டர் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்த்து, எண்ணெய் அளவைச் சரிபார்ப்பதுதான் முறை. அந்த அரைச் சுற்றை நம்பி நான் மீண்டும் நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே விரும்பவில்லை.

இது தரையில் கறை படியும் சின்ன விஷயம் என்று உங்கள் பதில் தொனிக்கிறது. கடும் ஓட்டத்தில் டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் பல நூறு டிகிரி சூடாகும். அதன் மேல் எண்ணெய் சொட்டினால் முதலில் புகை, அடுத்தது தீ. எண்ணெய் குறைந்த நிலையில் வேகமாக வளைவில் திரும்பினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். பேரிங்குகளைக் காப்பாற்றுவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள எண்ணெய்ப் படலம். அது அறுந்தால் உலோகம் உலோகத்தில் உராயும். ஆயில் விளக்கு எரியவில்லையே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த விளக்கு காட்டுவது அழுத்தத்தை, எண்ணெயின் அளவை அல்ல. பெரும்பாலான கார்களில் அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே அது எரியும். அதிக ஆர்பிஎம்மில் அது எரிவதைப் பார்த்து நிறுத்தும்போது பெரும்பாலும் சேதம் நடந்திருக்கும். விளக்கு எரியாததை என் எஞ்சினின் நலனுக்கு அத்தாட்சியாக நான் ஏற்க முடியாது.

செய்த வேலைகளைக் குறித்துத் தந்த ஜாப் கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஃபில்டர் இறுக்கம் என்ற இடத்தில் ஒரு டிக் மட்டும் இருக்கிறது. எந்த முறையில், எவ்வளவு, யார் பார்த்தது என்று எதுவும் இல்லை. போட்ட ஃபில்டரின் பாக எண்கூட இல்லை. இது அற்பமான குறை இல்லை. 20 மில்லிமீட்டர் மரை உள்ள ஃபில்டரும் முக்கால் அங்குல, அதாவது 19.05 மில்லிமீட்டர் மரை உள்ள ஃபில்டரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னதைப் பின்னதற்கான குழாயில் மாட்டினால் லொடலொடவென்று ஏறிவிடும், பிடிக்காது. என் விஷயத்தில் ஃபில்டர் சரியானதுதான், மற்றப் பட்டறையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆனால் அதை உங்கள் ஜாப் கார்டைப் பார்த்து என்னால் அறிய முடியவில்லை.

என் கோரிக்கைகள் இவை. அந்தச் சர்வீஸுக்கு நான் கட்டிய முழுத் தொகை, வண்டியை இழுத்துச் சென்ற செலவு, மற்றப் பட்டறையில் ஃபில்டர், ஆயில், எஞ்சின் கழுவல் ஆகியவற்றுக்கான செலவு ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். பில்களின் நகல்களை இணைத்திருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத ஒரு பட்டறையில் உங்கள் செலவில் ஆயில் அழுத்தச் சோதனையும், எண்ணெயில் பேரிங் உலோகத் துகள் உள்ளதா என்ற ஆய்வும் செய்ய வேண்டும். அதில் சேதம் தெரிந்தால் பொறுப்பு உங்களுடையது என்று எழுத்தில் தர வேண்டும். பணத்தைவிட இந்தச் சோதனையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

என் காரில் வேலை பார்த்த இளைஞர்மேல் நடவடிக்கை எடுக்குமாறு நான் கேட்கவில்லை, எடுக்கவும் வேண்டாம். ரெஞ்ச் போட்டு இறுக்கச் சொல்லிக்கொடுத்தது நிலையத்தின் வழக்கம் என்பது உங்கள் பதிலிலேயே தெளிவாக இருக்கிறது. மாற வேண்டியது அந்த வழக்கம். ஜாப் கார்டில் டிக்குக்குப் பதிலாகச் சுற்று அளவோ நியூட்டன் மீட்டரோ எழுத இடம் வையுங்கள், பாக எண்ணை எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன்: அதே வழக்கப்படி ஃபில்டர் மாற்றிய மற்ற வாடிக்கையாளர்களை அழைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். அவர்களில் பலர் பானெட்டைத் திறந்து பார்ப்பவர்களாக இருக்கமாட்டார்கள்.

கழற்றிய ஃபில்டர், கேஸ்கெட்டோடு, உறையிட்டு என்னிடம் இருக்கிறது. உங்கள் தொழில்நுட்ப அலுவலர் என் முன்னிலையில் அதை எப்போது வேண்டுமானாலும் பரிசோதிக்கலாம். ஆனால் இந்த விஷயம் முடியும்வரை அதை யாரிடமும் ஒப்படைக்கமாட்டேன். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் உங்கள் பதிலையும் படங்களையும் சேர்த்து நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல், பில்களின் நகல்கள், ஃபில்டர் மற்றும் கேஸ்கெட்டின் படங்கள், தங்கள் பதிலின் நகல்.