ஸ்டெல்லாவுக்கு, அல்ஸ்டர் ஹாலின் கடைசி இரவைப் பற்றி

பெல்ஃபாஸ்ட்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிவிட்டது. நைட் டியூட்டி, வீடு மாற்றம், பெரியவனின் பரீட்சை என்று காரணங்களை அடுக்கினாலும் நீ நம்பப்போவதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தவறாமல் எழுது. நாம் 'புயல்' என்று பெயர் வைத்த சிஸ்டர் ஓய்வு பெற்றுக் கோட்டயத்துக்கே போய்விட்டார். ரசம் விவகாரத்தை இன்னும் மன்னிக்கவில்லை என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஹார்ஸ்லிப்ஸ், அந்த அயர்லாந்து ராக் குழு. சிரிக்காதே. புது வீட்டுக்குப் பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி இருக்கிறார்கள். சென்ற ஞாயிறு தேநீருக்கு அழைத்திருந்தார்கள். பேச்சோடு பேச்சாக, 2009 டிசம்பர் 5 அன்று டப்ளினில் நீயும் நானும் மறுபடி ஒன்றுகூடிய ஹார்ஸ்லிப்ஸின் கச்சேரிக்குப் போனதையும், நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடியதையும் சொன்னேன். அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். அவர் பதிலே பேசாமல் இரண்டு விரல்களால் மேசை விளிம்பில் ஒரு தாளம் தட்ட ஆரம்பித்தார். நாலாவது தட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அது அவர்களுடைய 'ஜாரக் டூம்' பாட்டு. தட்டில் தேநீர் சிந்தியது, அவர் நிறுத்தவில்லை. இருவருமே 1980 அக்டோபர் 12 அன்று இந்த ஊர் அல்ஸ்டர் ஹாலில் இருந்தவர்களாம், ஸ்டெல்லா! குழு கலைவதற்கு முந்தைய அந்தக் கடைசிக் கச்சேரியில்! நம் மாடி வீட்டுக் கிழவர் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டே 'நான் மட்டும் அன்றைக்குப் போயிருந்தால்' என்று புலம்புவாரே, அதே கச்சேரியில்.

அன்று அது கடைசி என்று யாருக்கும் தெரியாதாம். குழு எதையும் அறிவிக்கவில்லை. பத்து ஆண்டுகள் அயர்லாந்தின் ஊர் ஊராகப் போய் வாசித்தவர்கள், வழக்கம்போல வாசித்து முடித்து, கூட்டம் விடாமல் கத்தியதால் திரும்ப வந்து, ரோலிங் ஸ்டோன்ஸின் 'த லாஸ்ட் டைம்' பாடலை எடுத்தார்கள். தலைப்பே சொல்லிவிட்டது என்று இப்போது எவரும் சொல்லலாம். அந்த அம்மாளோ, இவர்களுக்கு எதற்கு அடுத்தவர் பாட்டு என்று அன்று தமக்குக் கோபம்தான் வந்தது என்கிறார். அந்த முடிவில்தான் குழுவின் பிடில்காரர் சார்லஸ் ஓகானர் தம் பிடிலைக் கூட்டத்துக்குள் வீசினார். அது எங்கே விழுந்தது என்பதில் கணவனும் மனைவியும் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். மேடைக்கு இடப்பக்கம் முன்வரிசையில் முழுசாக விழுந்தது என்கிறார் அவர். அது ஏற்கெனவே உடைந்துபோன பிடில், காற்றில் பறக்கும்போதே கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன, நீ அப்போது பாரில் நின்றிருப்பாய் என்கிறார் இந்த அம்மாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கு நடக்கிறதோ என்னவோ. ஆனால் அன்று இருவருக்கும் அறிமுகமே கிடையாது. அவர் கிழக்கு பெல்ஃபாஸ்டின் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பையன். இவர் ஃபால்ஸ் சாலைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். பல ஆண்டுகள் கழித்து வேலை பார்த்த இடத்தில்தான் சந்தித்தார்களாம்.

உன் போன கடிதத்தில் நீ ஒரு தீர்ப்பு எழுதியிருந்தாய். இந்தக் குழுவைப் பற்றி உருகுகிறவர்கள் எல்லோரும் உண்மையில் தங்கள் பதினெட்டு வயதை நினைத்துத்தான் உருகுகிறார்கள். பழைய நாட்டுப்புற மெட்டுகளை மின்கிதாரில் போட்டு இரைச்சலாக்கியதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை என்று. அன்றே பதில் எழுத வாய் துடித்தது. இப்போது சாட்சிகள் கிடைத்துவிட்டதால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் இரைச்சலைப் பார்ப்போம். 'ஜாரக் டூம்' தொடங்கும்போது வரும் அந்தக் கிதார்த் துணுக்கு ஓனீலின் படைநடை என்னும் பழைய மெட்டு. உல்லன் பைப் என்னும் ஐரிஷ் துருத்திக் குழலிலும் பிடிலிலும் எத்தனையோ தலைமுறைகளாக வாசிக்கப்பட்டது. 'டிரபிள்' பாட்டுக்குள் பிரையன் போருவின் படைநடை ஒளிந்திருக்கிறது. மெட்டை எடுத்து மேலே டிரம்ஸைக் கொட்டுவது யாருக்கும் வரும். குழுவின் கிதார்க்காரர் ஜானி ஃபீன் அப்படிச் செய்யவில்லை. லிமரிக், ஷானன் பக்கத்தில் வளர்ந்து, பாஞ்சோவும் மாண்டலினும் கையில் பழகியவர் என்பதால், கிதாரில் வாசிக்கும்போதும் பிடில்காரர் செய்யும் அந்தச் சின்னச் சின்னச் சுழிப்புகளை விடாமல் கொண்டுவந்தார். நீயே ஒருமுறை அந்தத் துணுக்கை மட்டும் தனியாகக் கேட்டுப் பார். கனமாக இறங்குகிறது, ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஆட்ட மெட்டுக்குரிய ஒரு துள்ளல் இருக்கிறது. நம் கிழவர் சொல்வது சரிதான், அது இரண்டு காலுக்கும் வேறு வேறு வேலை கொடுக்கிற மெட்டு. நீ அன்று செருப்பைக் கழற்றியதற்கும் அதுதான் காரணம், இதை மறுக்காதே.

அடுத்தது பதினெட்டு வயது. இங்கேதான் நான் சற்று நேரம் சிரிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதல் நடந்த எழுபதுகளில் இந்த நகர மையத்துக்குள் நுழைய இரும்புக் கதவுகளைத் தாண்ட வேண்டும். பையைத் திறந்து காட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் தெருக்கள் காலியாகிவிடும். தெற்கே அயர்லாந்துக் குடியரசிலிருந்து இசைக்குழுக்கள் வருவது ஏற்கெனவே குறைந்திருந்தது. 1975 ஜூலை 31 அதிகாலை, பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்ட் என்னும் இசைக்குழுவின் வேனை, ராணுவச் சோதனைச் சாவடி போல நடித்த யு.வி.எஃப். என்னும் புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுவின் ஆட்கள் நிறுத்தினார்கள். கலைஞர்களில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழுவில் இரு சமயத்தாரும் இருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லையைக் கடந்து வந்து வாசிக்க யாருக்குத் துணிவு வரும்? கிதார்க்காரர் ரோரி கலாகர் வந்தார். ஹார்ஸ்லிப்ஸும் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் பேரி டெவ்லின் மட்டும் வடக்கத்திக்காரர், டைரோன் மாவட்டத்து ஆர்ட்போ. மற்றவர்களுக்கு வந்தே தீர வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. "அவர்கள் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அதுதான் எல்லாம்" என்றார். அன்று வீட்டுக்குத் திரும்பக் கறுப்பு டாக்ஸி கிடைக்காமல் தோழிகளோடு கைகோத்துப் பாடிக்கொண்டே நடந்ததையும், தங்கள் பகுதிக்குள் போகும் வரை எந்த மொழியில் பாடுகிறோம் என்று கவனமாக இருந்ததையும் சொன்னார். இதை வெறும் இளமை நினைவு என்று நீ சொல்வாயானால், நீ அவரெதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் நான் அன்றுதான் யோசித்தேன். 'ஜாரக் டூம்' உள்ள அந்த 1973 இசைத்தட்டு முழுவதும், மேவ் அரசி ஒரு காளைக்காகப் படையெடுக்க, கூகுலின் என்னும் இளைஞன் ஒற்றை ஆளாக அல்ஸ்டரைக் காக்கும் பழங்கதை அல்லவா? அந்தக் கூகுலினை இங்கே இரு தரப்பும் தன்னுடையவன் என்கிறது. டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் 1916 எழுச்சியின் நினைவாக நிற்கும் சிலை அவனுடையது. நீ கூட அதன் முன்னால் குடையோடு படம் எடுத்துக்கொண்டாய். பெல்ஃபாஸ்டில் பிரிட்டனுக்கு விசுவாசமானவர்களின் பகுதியிலோ, அல்ஸ்டரின் காவலன் என்று அதே உருவத்தைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள். அல்ஸ்டர் ஹாலும் லேசுப்பட்ட இடமில்லை. 1862இல் திறக்கப்பட்ட அந்த மண்டபத்தில்தான் 1886இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி ராண்டால்ஃப் சர்ச்சில் அயர்லாந்தின் தன்னாட்சிக்கு எதிராக முழங்கினார். 1912இல் அதே எதிர்ப்பின் தலைவர் கார்சனுக்கும் அங்கே கூட்டம் கூடியது. அதே மேடையில் ஐந்து நீளமுடி இளைஞர்கள் கூகுலினை மின்கிதாரில் கூப்பிட, கீழே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து குதித்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் சமாதானம் பேச வரவில்லை, டிக்கெட் வாங்கி ஆட வந்தார்கள் என்று அந்த மனிதர் என்னைத் திருத்தினார். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

அதே துணுக்கு 1990இல் இத்தாலி உலகக் கோப்பைக்கான அயர்லாந்துக் குடியரசு அணியின் பாட்டுக்குள் போய், நாடே பாடியது உனக்குத் தெரியும். அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். முகம் சற்று மாறியது. "நல்ல பாட்டுதான், ஆனால் அது அவர்களுடைய அணியின் பாட்டு, அல்ஸ்டர் ஹாலில் கேட்டது எங்கள் எல்லோருக்கும் உரியது" என்றார். மனைவி மறுத்து ஏதோ சொல்ல வந்து, பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

2009இல் நாம் டப்ளினில் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு இவர்கள் இங்கே ஒடிஸி அரங்கில் பார்த்திருக்கிறார்கள். ஈமன் கார் டிரம்ஸில் இல்லாததை அவர் இன்னும் ஒரு குறையாகவே சொல்கிறார். ஜானியின் தம்பி ரே நன்றாகத்தான் வாசித்தார் என்று நான் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. நரைத்த தலைகளும், அவர்கள் கூட்டி வந்த பிள்ளைகளுமாக நிறைந்த அரங்கில் ஜானி ஒரு வார்த்தை பேசாமல் கிதாரின் மீதே கண்ணாக நின்றார், ஞாபகம் இருக்கிறதா? 2023 ஏப்ரல் 28 அன்று, 71 வயதில் அவர் போனபோது நீ எனக்கு இரவோடு இரவாகச் செய்தி அனுப்பியிருந்தாய். வார்டில் இருந்தேன், படித்துவிட்டு மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போனேன். யாரிடம் சொல்ல முடியும் அங்கே? ஒரு நோயாளியின் மகன் மட்டும், நான் என்னை அறியாமல் முணுமுணுத்த மெட்டைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். அவனிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

நம் டப்ளின் கச்சேரி இசைத்தட்டாக வந்திருக்கிறதே, அதில் 'ஃபர்னிச்சர்' பாட்டை இன்று இரவு கேள். 'ஓரோ' என்னும் பழைய ஐரிஷ் பாட்டின் மெட்டு உள்ளே வந்து கலக்கும் இடத்தில் கூட்டம் சேர்ந்து பாடுகிறது. அந்தக் கூட்டத்தில் சுருதி விலகிக் கத்துகிற ஒரு பெண் குரல் இருக்கிறது, அது நீதான் என்று நான் பக்கத்து வீட்டாரிடம் சத்தியம் செய்துவிட்டேன். இல்லையென்றால் உடனே மறுத்து எழுது. பிடில் வழக்கோடு இந்த வழக்கையும் சேர்த்து விசாரித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
வசந்தி