பூஸ்ட் ஏற்றும் முன் பெட்ரோல் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன் நான். எந்த காருக்கு எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு மைலேஜ், உள்ளே என்னென்ன வசதி என்று விவரமாக எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் அந்த டர்போ காரை வாங்கியபிறகு எங்கள் ஊர்ப் பையன்கள் அதை என்ன செய்கிறார்கள், அப்புறம் அந்த இன்ஜின் எந்த நிலையில் எங்கள் பட்டறை மேஜைக்கு வந்து சேருகிறது என்பதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியில் 20 வருடத்துக்கு மேலாக இன்ஜின் போரிங் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி, டிராக்டர், பொக்லைன், போர்வெல் வண்டி என்று எங்கள் பிழைப்பு பெரும்பாலும் டீசலில்தான். பெட்ரோல் கார் பிளாக் மாதத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். அப்படியிருக்க, இந்த இரண்டு வருடத்தில் மட்டும் பிஸ்டன் உடைந்த டர்போ பெட்ரோல் இன்ஜின் நான்கு வந்துவிட்டன. நான்கில் ஒன்றுகூட கம்பெனியில் இருந்து வந்தபடி இல்லை, எல்லாவற்றிலும் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றியிருந்தார்கள். நான்காவது என் அக்கா மகனுடைய கார்.

அவன் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடம் சேர்த்த பணத்தில், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். நல்ல வண்டி, நானே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கச் சொன்னேன். போன சித்திரையில் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மத்தியானம் இரண்டு மணி வெயிலில் அக்காவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறான். தொப்பூர் கணவாய் என்றாலே தர்மபுரியில் இருந்து இறங்கும் பக்கம் பிரேக் பிடிக்காமல் லாரி மோதிய செய்திதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஏறி வரும் பக்கம் இன்ஜினுக்குப் பெரிய சோதனை என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முன்னால் போன லோடு லாரியைத் தாண்ட நாலாவது கியரில் மிதியை முழுசாக அழுத்தியிருக்கிறான், பத்துப் பதினைந்து விநாடி இழுத்திருக்கும், 'பட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வண்டி உதறுகிறது, இன்ஜின் விளக்கு மின்னுகிறது, பின்னால் நீலப்புகை. வலது லேனில் வேகம் செத்துப்போய் நிற்கும் காருக்குப் பின்னால் ஒரு ஆம்னி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. எப்படியோ இடது ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். "மாமா, வண்டி இழுக்கல, ஒரே உதறல், அம்மா பயந்துபோய் உட்கார்ந்திருக்காங்க" என்று அவன் போனில் சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து, ஆயில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் புஸ் புஸ்ஸென்று புகை தள்ளியது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு நெரிகிறது என்று வைத்துப் பார்த்தேன். இரண்டு சிலிண்டர் 160 பி.எஸ்.ஐ.யை ஒட்டி, மூன்றாவது 50-ஐத் தாண்டவில்லை. அந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் இருக்கும் பீங்கான் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போயிருந்தது. அதன்மேல் கடுகில் பாதி அளவுகூட இல்லாத வெள்ளி மணிகள் ஐந்தாறு ஒட்டியிருந்தன, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அது வேறெதுவும் இல்லை, பிஸ்டனுடைய அலுமினியம். உருகித் தெறித்து பிளக்கில் ஒட்டியிருக்கிறது.

ஹெட்டைக் கழற்றி பிஸ்டனை எடுத்தபோது, மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் பாகம் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து போயிருந்தது. பிஸ்டன் தலையின் ஓரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல சொரசொரவென்று இருந்தது. உடைந்த துண்டு சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய் வந்ததில், சுவரில் விரல் வைத்தால் தட்டுப்படும் அளவுக்குக் கோடு. லீன் ஆக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடி நாக் அடித்த (உள்ளே கலவை தானாக வெடித்த) இன்ஜின் இப்படித்தான் இருக்கும், இதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"என்னடா போட்ட?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான் சொன்னான், மூன்று மாதம் முன்பு பெங்களூரு பக்கம் ஒரு கடையில் 18,000 ரூபாய்க்கு ஒரு டியூனிங் பாக்ஸ் மாட்டியிருக்கிறான். முக்கால் மணி நேர வேலை. போனை எடுத்துக் காட்டி "14.7 காட்டுது சார், பர்ஃபெக்ட்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த 14.7 பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், புத்தகக் கணக்கு அது. டிராஃபிக்கில், சமதளத்தில் நிதானமாகப் போகும்போது அந்தக் கணக்கு சரி. மிதியை முழுசாக அழுத்தி டர்போ காற்றைத் திணிக்கும்போது அதே கணக்கு இன்ஜினைக் கொன்றுவிடும். அந்த நேரத்தில் 11.5-ல் இருந்து 12.5 வரைதான் இருக்க வேண்டும், அதாவது தேவைக்கு மேலாகவே பெட்ரோல் போக வேண்டும். அந்த உபரிப் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது, சிலிண்டருக்குள் அதுவும் ஒரு கூலிங்தான். நெருப்பின் சூடு 2,000 டிகிரியைத் தாண்டும், அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலமும் அடியில் படும் ஆயிலும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. லீன் ஆனால் சூடு ஏறும், சூடு ஏறினால் பிளக் பற்றவைத்த நெருப்பு போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும், அதுதான் நாக். ஒவ்வொரு நாக் வெடிப்பும் சுத்தியல் அடி மாதிரி, அந்தப் படலத்தையும் கிழித்துவிடும்.

சரி, பாக்ஸ் என்ன செய்தது? இந்த மலிவான பாக்ஸ்களில் பல, பூஸ்டை அளக்கும் சென்சாருக்கும் இ.சி.யூ.வுக்கும் (பெட்ரோல் அளவை முடிவு செய்யும் இன்ஜின் கம்ப்யூட்டர்) நடுவில் உட்கார்ந்து பொய் சொல்பவை. கம்பெனி செட்டிங்கில் டர்போ 0.8 பார் கொடுக்கிறது என்று வையுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் 1 பார் சேர்த்தால் மொத்தம் 1.8. பாக்ஸ் மாட்டியதும் டர்போ 1.1 கொடுக்கிறது, மொத்தம் 2.1. ஆனால் இ.சி.யூ.வுக்குப் போகும் தகவல் இன்னமும் 1.8 தான். அது பாவம் 1.8-க்கு உரிய பெட்ரோலைத்தான் விடும். காற்று ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. 12 என்று இருந்த கலவை 14-க்குப் போய்விட்டது, கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்திவிடும், அதனால் ஊருக்குள் ஓட்டும்வரை எதுவும் தெரியாது. முழு மிதியில் பல வண்டிகளில் அந்தத் திருத்தம் கிடையாது, வைத்த கணக்குப்படிதான் பெட்ரோல் போகும். பழைய பாணி சென்சாருக்கு 14.7-க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதற்கு மேல் சொல்லவும் தெரியாது. 12-ஆ 13-ஆ என்று அளக்க வைட்பேண்ட் சென்சார் தனியாக வேண்டும். அந்தக் கடையில் அது இல்லை.

இன்னொன்று, லீன் ஆக ஓடும் வண்டி நம்மிடம் எதையும் காட்டிக்கொடுக்காது. ரிச் ஆக (பெட்ரோல் அதிகமாக) ஓடினால் பெட்ரோல் வாசம் வரும், கரும்புகை வரும், பிளக் கருக்கும். லீன் ஆகும்போது வண்டி இன்னும் துடிப்பாக இழுப்பது போலத்தான் இருக்கும், பையன் சந்தோஷமாக ஓட்டுவான். நாக் சத்தம் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல வரும், கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுப் பாட்டு ஓடும்போது அது யாருக்குக் கேட்கும்?

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளக் கூடாது. நாம் எல்லோரும் லாரியில் தொழில் கற்றவர்கள். டீசலில் எப்போதும் காற்று அதிகம், பெட்ரோலுக்குச் சொல்லும் கணக்கில் பார்த்தால் டீசல் இன்ஜின் எந்நேரமும் லீன்தான். அங்கே டீசலைக் கூட்டினால் சூடு கூடும், கரும்புகை வரும், பம்பைக் குறைத்தால் இன்ஜின் பிழைக்கும். முப்பது வருடமாகக் கையில் ஊறிய பாடம் அது. பெட்ரோல் டர்போவில் அது அப்படியே தலைகீழ், பெட்ரோலைக் குறைத்தால்தான் சூடு. என்னிடம் வந்த நான்கு இன்ஜினில் ஒன்று, நன்றாக வேலை தெரிந்த ஒரு டீசல் மெக்கானிக் பெட்ரோல் ஃபில்டரை மாற்றாமல், பம்ப் பிரஷர் பார்க்காமல், பூஸ்டை மட்டும் கூட்டிக் கொடுத்த வண்டி. ஃபில்டர் முக்கால்வாசி அடைத்திருந்தது. சாதாரணமாக ஓட்டும்போது போதுமான பெட்ரோல் வந்திருக்கிறது, சூளகிரி ஏற்றத்தில் பிரஷர் விழுந்துவிட்டது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுத்தமான எத்தனாலுக்கு 14.7 இல்லை, 9 கிலோ காற்றே போதும். 20 சதவீதம் கலந்தால் அந்தக் கணக்கு 13.5-க்கு வந்துவிடும். 10 சதவீதம் கலந்த இ10-க்கு வைத்த அளவை அப்படியே விட்டால் 4 சதவீதம் போல பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். எத்தனால் நாக் வருவதைக் குறைக்கும், உள்ளே குளிர்ச்சியும் தரும், ஆகவே இ20 தான் பிஸ்டனை உடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வண்டிக்கு அந்த 4 சதவீதமும் இல்லாமல் போகிறது. பழைய பெட்ரோலில் போட்ட மேப்பை (இ.சி.யூ.வில் ஏற்றிய பெட்ரோல் கணக்கு) வைத்து இன்றைக்கும் ஓட்டுகிறவர்கள் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.

வண்டியை மாற்றவே கூடாது என்று சொல்ல நான் எழுதவில்லை. ஒழுங்காக டியூன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலையை நான் மதிக்கிறேன். அவர்கள் முதலில் பெட்ரோல் பக்கத்தைப் பார்ப்பார்கள். பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் தாங்குமா என்று சோதித்துவிட்டு, பிளக்கைக் குளிர்ந்த ரகத்துக்கு மாற்றி, அப்புறம்தான் பூஸ்டைத் தொடுவார்கள். வைட்பேண்ட் மாட்டி, முழு மிதியில் ஆர்.பி.எம். உச்சிவரை இழுத்து, கலவை, பூஸ்ட், பெட்ரோல் பிரஷர், உள்ளே போகும் காற்றின் சூடு, நாக் வந்து பிளக் பற்றவைக்கும் டைமிங் எவ்வளவு பின்வாங்கியது என்று எல்லாவற்றையும் பதிவு செய்து கையில் கொடுப்பார்கள். அந்தப் பதிவைத் தராத கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள். பெங்களூரின் காலைக் குளிரில் எடுத்த பதிவை மட்டும் நம்பவும் வேண்டாம், நம் தொப்பூர் மத்தியான வெயில் வேறு. பூஸ்டைக் கூட்டியவர்கள் ஏற்றத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு வைட்பேண்ட் மீட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். 13-ஐ நோக்கி முள் நகர்ந்தால் காலை எடுத்துவிட வேண்டும், மேடு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. வாரண்டி கோர வழியில்லை, இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

அக்கா மகன் வண்டிக்கு மூன்று பிஸ்டன், ரிங், பேரிங், ரீபோர், கேஸ்கெட் செட், டர்போ சர்வீஸ் எல்லாம் சேர்த்து, என் கூலி இல்லாமலேயே 1,40,000 ரூபாய் ஆயிற்று. 18,000 ரூபாய் பாக்ஸ் அது. பணத்தைக்கூட விடுங்கள், தொப்பூர் மேட்டில் அந்த ஆம்னி பஸ் டிரைவர் கவனமாக இருந்ததால்தான் என் அக்கா இன்று வீட்டில் இருக்கிறார். அந்த டிரைவர் யாரென்று தெரியாது, அவருக்கு இந்தக் கடிதம் வழியாக நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். வாகனப் பக்கத்தில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அந்த பிஸ்டனும் வெள்ளி மணி ஒட்டிய பிளக்கும் பட்டறை அலமாரியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் போட்டோகிராபரை அனுப்பினால் பகல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டுகிறேன், ஞாயிறு தவிர எந்த நாளும் இருப்பேன்.

இப்படிக்கு,
போரிங் பட்டறைக்காரர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.