குயீன் என்றால் நாலு பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரிட்டனின் குயீன் ராக் இசைக்குழுவைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் ராக் இசையைப் பற்றி யாராவது நாலு பக்கம் எழுதினாலே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கட்டுரைக்கு நடுவே ‘ஃப்ரெடி மெர்க்குரி தந்த பாடல்கள்’ என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதில் உள்ள ‘வீ வில் ராக் யூ’ குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே எழுதியது. ‘ரேடியோ கா கா’ டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லருடையது. ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’, ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ இரண்டும் பேஸ் கிதார் வாசித்த ஜான் டீக்கன் எழுதியவை. பாடியவர் மெர்க்குரி என்பதால் எல்லாம் அவர் கணக்கில் ஏறிவிட்டது. கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியதை ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்றே சொல்லிப் பழகிய நமக்கு இது பெரிய குற்றமாகத் தோன்றாதுதான். இருந்தாலும் அந்த மற்ற மூவர் செய்ததைக் கேட்காமல் விட்டால் குயீனில் பாதியைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இந்த நிலைமைக்கு ஒரு காரணம், 1981-ல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு. பிரிட்டனிலேயே அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். 70 லட்சம் படிகளைத் தாண்டிவிட்டது. அதன் பிரிட்டிஷ் பதிப்பில் உள்ள 17 பாடல்களோடு பெரும்பாலானவர்களின் குயீன் முடிந்துபோகிறது. மிச்சம் இருந்ததை 2018-ல் வந்த ‘போஹீமியன் ராப்சடி’ சினிமா முடித்துவைத்தது.

நான் சொல்ல வருவதற்கு எங்கோ தூரத்தில் போய்ச் சான்று தேட வேண்டாம். உங்கள் கட்டுரை விழுந்து விழுந்து புகழும் ‘போஹீமியன் ராப்சடி’ இருக்கும் அதே ரெக்கார்டை, 1975 நவம்பரில் வெளிவந்த ‘எ நைட் அட் தி ஆபரா’வை, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பாட்டு கடைசிக்கு முந்தியது. அந்தப் பக்கம் எதில் தொடங்குகிறது தெரியுமா? ‘தி ப்ராஃபெட்ஸ் சாங்’. எட்டு நிமிடம் 21 விநாடி; ராப்சடியைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேலே நீளம். எழுதியவர் பிரையன் மே. உடம்பு சரியில்லாமல் கிடந்து தேறிவந்த நாட்களில் கண்ட கனவிலிருந்து பிறந்தது. ஊழி வெள்ளம் வரப்போகிறது என்று ஒரு கிழவர் ஜனங்களை எச்சரிக்கிறார், கேட்பார் இல்லை. ஜப்பானில் பரிசாகக் கிடைத்த ஒரு பொம்மை கோட்டோவை (அந்த ஊர்த் தந்தி வாத்தியம்) மீட்டித் தொடங்குகிறார் மே.

நடுவில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். மெர்க்குரியின் குரல் மட்டும். ஒரு வரி பாடுகிறார். அதே வரி சற்றுப் பிந்தி இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. அதன்மேல் அவர் அடுத்த வரியைப் பாட, முதல் வரி மூன்றாவது தடவையாக எதிர்ப்பக்கத்தில் எழும்புகிறது. ஒரே ஆள் தன் குரலோடு தானே மல்லுக்கட்டுகிறார். இன்றைக்கு இதைச் செய்யக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் போதும். அன்றைக்கு டேப்பில் குரலைத் தாமதப்படுத்தித்தான் செய்தார்கள். எந்த இடைவெளியில் எதிரொலி வரும் என்று கணக்குப் பார்த்து, அதனோடு சுருதி சேரும்படி அடுத்த வரியைப் பாட வேண்டும். இந்தப் பாட்டைத் தயவுசெய்து செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இடமும் வலமும் பிரிந்து கேட்டால்தான் அது என்ன கூத்து என்று புரியும். எட்டு நிமிடம் கழித்துப் புயல் ஓய்ந்ததும் இடைவெளியே விடாமல் ‘லவ் ஆஃப் மை லைஃப்’ தொடங்கிவிடும். அதைத் தனியாகக் கேட்டே பழகியவர்கள், இந்த வெள்ளத்துக்குப் பிறகு ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதே பக்கத்தில், ராப்சடிக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருப்பது ‘குட் கம்பெனி’. இதுவும் மே எழுதியது, அவரே பாடியது. ‘உன்னை அண்டியிருப்பவர்களைப் பார்த்துக்கொள், நல்ல சகவாசம் வைத்துக்கொள்’ என்று அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்த ஒருவன், தொழில் தொழில் என்று கிடந்து நண்பர்களையும் மனைவியையும் தொலைத்துவிட்டு, கிழவனாகிப் புகைக்குழாயோடு தனியே உட்கார்ந்திருக்கிறான். கதை அவ்வளவுதான். பின்னால் 1920-களின் ஜாஸ் குழு ஒன்று வாசிக்கிறது: டிராம்போன், கிளாரினெட், டிரம்பெட் எல்லாம் கேட்கும். ஆனால் அந்த ஸ்டுடியோவில் ஊதுகருவி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் மேயின் கிதார். சில இடங்களில் ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே பதிவுசெய்து கோத்திருக்கிறார். அந்தக் கிதார் அவரும் அவர் அப்பாவும் வீட்டில் செய்தது; கழுத்துக்குப் பயன்பட்டது பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். மீட்டுவது ஆறு பென்னி நாணயத்தால். அந்த ஊதல் ஓசைக்கு உதவிய சின்ன ஆம்ப்ளிஃபையர், டீக்கன் குப்பைத்தொட்டியில் கண்டெடுத்த சர்க்யூட் போர்டை வைத்து உருவாக்கியது. ராப்சடியின் பிரம்மாண்டத்தைப் பற்றி நாலு பத்தி எழுதிய உங்கள் கட்டுரையாளர் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

முதல் பக்கத்தில் ‘தர்ட்டி நைன்’ இருக்கிறது. என்னைக் கேட்டால் குயீனின் ஆகச் சிறந்த பாட்டு இதுதான். அடிக்க வருபவர்கள் வரலாம். கேட்டால் ஏதோ பழங்காலத்து மாலுமிகளின் நாட்டுப்பாட்டு போல இருக்கும். புது நிலம் தேடிக் கப்பல் ஏறுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். கூர்ந்து கேட்டால்தான் அது விண்கலம் என்று தெரியும். போனவர்களுக்கு ஓராண்டு; பூமியில் நூறாண்டு ஓடிவிட்டது. ஐன்ஸ்டைன் சொன்ன கால நீட்சிதான். திரும்பி வந்தவன் தன் வாரிசு ஒருத்தியின் கண்ணில், எப்போதோ இறந்துபோன தன் காதலியின் கண்ணைப் பார்க்கிறான். வேறு யாராவது எழுதியிருந்தால் சினிமாத்தனமாகப் போயிருக்கும். எழுதியவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுக் கிதார் பிடிக்க வந்த பிரையன் மே. சூரியனைச் சுற்றியுள்ள தூசியைப் பற்றிய அந்த ஆய்வை முடித்து 2007-ல் முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார். இந்தப் பாட்டுக்கு டபுள் பேஸ் வாசிக்கிறாயா என்று டீக்கனிடம் வேடிக்கையாகக் கேட்டாராம் மே. அந்த அமைதியான மனிதர் நிஜமாகவே ஆளுயர வாத்தியத்தைக் கொண்டுவந்து கற்றுக்கொண்டு வாசித்துவிட்டார். 1992-ல் வெம்ப்ளியில் நடந்த மெர்க்குரி நினைவு நிகழ்ச்சியில் ஜார்ஜ் மைக்கேல் பாடியவற்றில் இதுவும் ஒன்று.

டீக்கனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குழுவின் ஆல்பங்களில் அவர் முன்குரலில் பாடியதே இல்லை. 1997-க்குப் பிறகு மேடைப் பக்கமே வரவில்லை. ‘ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்’ கேட்டுப் பாருங்கள். 1977-ல் வந்த ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ ஆல்பத்தில் உள்ளது. மதுக்கடையில் தரை கூட்டும் சாமி என்ற பையன், முதலாளியின் ஏச்சு, எங்காவது போய்விட வேண்டும் என்ற ஏக்கம். குயீன் என்றாலே அடுக்கடுக்காக வரும் கூட்டுக்குரல்கள் இதில் கிடையாது. மெர்க்குரி தனியாகப் பாடுகிறார். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 34-ம் இடத்தோடு நின்றுவிட்டது.

மெர்க்குரிக்கும் கேட்காமல் போன பாட்டுகள் இல்லாமல் இல்லை. 1974-ல் வந்த ‘குயீன் II’ ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க அவருடையது. அதில் ‘தி ஃபேரி ஃபெல்லர்ஸ் மாஸ்டர் ஸ்ட்ரோக்’ என்ற பாட்டு, லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஓவியத்தைப் பார்த்து எழுதியது. வரைந்தவர் ரிச்சர்ட் டாட்; தகப்பனைக் கொன்றுவிட்டு மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். சின்ன ஓவியத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் குட்டி உருவங்களை மெர்க்குரி மூச்சுவிடாமல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதே பக்கத்தில் உள்ள ‘தி மார்ச் ஆஃப் தி பிளாக் குயீன்’ கேட்டவர்கள், ராப்சடி வானத்திலிருந்து குதித்தது என்று சொல்ல மாட்டார்கள்.

கேட்கப்படாததெல்லாம் முத்து என்று நான் சொல்லவில்லை. ‘தர்ட்டி நைன்’ முடிந்ததும் வரும் ‘ஸ்வீட் லேடி’யை நான் தாண்டித்தான் போவேன். ரோஜர் டெய்லர் எழுதிய, காரை நினைத்து உருகும் ‘ஐ ஆம் இன் லவ் வித் மை கார்’ பாட்டைப் பற்றியும் எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. ராப்சடியைத் தனிப்பாட்டுத் தட்டாக (சிங்கிள்) விற்றபோது அதன் பின்பக்கத்தில் இதைப் போட்டார்கள். முன்பக்கப் பாட்டு பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. தட்டு ஒன்றுதான் என்பதால் பின்பக்கத்துக்கும் அதே ராயல்டி. கார் பாட்டுக்கு அவ்வளவு பணமா என்ற மனக்கசப்பு குழுவுக்குள் வெகுநாள் இருந்தது.

ஆகவே, அடுத்த இதழில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே எழுதியவர் பெயரோடு. 1989-ல் வந்த ‘தி மிரக்கிள்’, அதற்கடுத்த ‘இன்யுவெண்டோ’ இரண்டுக்கும் மட்டும் அந்தச் சிரமம் கிடையாது. சண்டையே வேண்டாம் என்று, யார் எழுதினாலும் ‘குயீன்’ என்றே போட்டுக்கொண்டார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மதுரை.