மேட்ச் நடுவில் கூப்பிடாதே மச்சான்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து நாலு நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஒப்பரேஷன் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நேற்றுக் கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பல்கனியில் போய் நின்றுகொண்டு, "கடல் இவ்வளவு நீலமாவா இருந்தது?" என்று கேட்டார். மூத்தவள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம்.

நீ எழுதியதில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டாய். "ரெண்டு நிமிசம் அப்பா, மேட்ச் நடக்குது" என்றான். நீ ரூட்டரின் வயரைக் கழற்றினாய். அவன் அழுதுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டான். "லாக், ஸ்பான், லூட், நேர்ஃப் என்று என்ன பாஷை கதைக்கிறான் என்றே விளங்கவில்லை, கொழும்பில் இருக்கிற உனக்காவது தெரியுமா" என்று கேட்டிருந்தாய். தெரியும். சில வருடங்களுக்கு முன் என் சின்னவனுக்கு நானும் இதையேதான் செய்தேன். அதன்பிறகு பின்னேரங்களில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு விளங்கிக்கொண்டேன்.

முதலில் அந்த 'ரெண்டு நிமிசம்'. உனக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் வீட்டு ரிவியில் மாட்டி விளையாடிய கேமில் ஸ்டார்ட் பட்டனை அமத்தினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். சோறு சாப்பிட்டு, கை கழுவி, ஆறுதலாக வந்து மறுபடி அமத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். எங்களுக்கு எதிரே ஆடியது கருவி. அது எவ்வளவு நேரமும் காத்திருக்கும். தம்பி ஆடுவது ஒன்லைனில். எதிரே இருப்பவர்கள் அவனைப்போலப் பிள்ளைகள், கூட ஆடுபவர்களும் அப்படித்தான். அங்கே நிறுத்தி வைக்கும் பட்டனே கிடையாது. இவன் நடுவில் காணாமல் போனால் கூட்டாளிகள் ஓராள் குறைவாக ஆடித் தோற்கவேண்டும். இவனுடைய ராங்க் இறங்கும். சில கேம்களில் அப்படிப் போனவனைக் கொஞ்ச நேரத்துக்கு அடுத்த மேட்சில் சேரவும் விடமாட்டார்கள். முற்றவெளியில் கிரிக்கெட் ஆடும்போது, பற்றோடு நிற்கிறவனை வீட்டார் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அதுதான் நடந்தது அன்று இரவு.

நல்ல விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு நீளம் உண்டு. ஃப்ரீ ஃபயர், பப்ஜி இரண்டும் சுட்டுச் சுட்டுக் கடைசிவரை உயிரோடு மிஞ்சுகிறவர் வெல்லும் கேம்கள். ஃப்ரீ ஃபயரில் 50 பேர் இறங்குவார்கள், பத்து நிமிடமளவில் முடிந்துவிடும். பப்ஜியில் 100 பேர், பெரிய வரைபடம் என்றால் அரை மணித்தியாலம்கூடப் போகும். இரண்டிலும் விளையாடும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும், அதை 'ஸோன்' என்பார்கள். அது சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நிற்பவனுக்கு உயிர் குறையும். ஒருவரும் மூலையில் ஒளிந்துகொண்டு ஆட்டத்தை இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வட்டம். ஆக, மேட்ச் ஒன்று முடிந்தே தீரும். எங்கள் வீட்டில் இப்போது எட்டரைக்குச் சாப்பாடு என்றால், எட்டு மணிக்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். சத்தம் போடுகிற வேலையே இல்லாமல் போய்விட்டது.

தனியாக ஆடும் கேம்களில் வேறு கணக்கு. அங்கே கேட்கவேண்டியது 'சேவ்' எங்கே என்பதை. சிலவற்றில் எந்த இடத்திலும் சேமிக்கலாம். சிலவற்றில் குறிப்பிட்ட இடத்துக்குப் போய்த்தான் சேமிக்கமுடியும். இன்னும் சிலவற்றில் 'செக்பொயின்ட்' என்று வழியில் இடங்கள் இருக்கும். செத்தால் கடைசியாகத் தாண்டிய செக்பொயின்ட்டில் மறுபடி எழும்பலாம். ஆள் தோன்றுவது ஸ்பான், செத்தபின் திரும்பத் தோன்றுவது ரீஸ்பான். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் ஊர்களை எழுத்து வாரியாகப் பிரித்து, எந்தப் பிரிவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று பட்டியல் வரும். சின்னவன் அதை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தான். ஒரு நாள் பெரிய எதிரி ஒன்றோடு (அதை 'பாஸ்' என்பார்கள்) முக்கால் மணித்தியாலம் மல்லுக்கட்டி, அது விழப்போகிற நேரம் பட்டியலுக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரம் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தான். அதற்குப் பிறகு மின்வெட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே எழும்பி, வந்த வழியே திரும்ப நடந்து, சேமிக்கும் இடத்தில் போய் நிற்பான். அந்தப் பொறுப்பைப் பார்த்தபோதுதான் இதை வெறும் நேரப்போக்கு என்று ஒதுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

மூன்று 'லைஃப்', பிறகு 'கேம் ஓவர்' என்பதெல்லாம் காசு போட்டு ஆடும் கடை மெசின் காலத்துப் பழக்கம். ஆள் கெதியாய் செத்தால்தான் அடுத்த காசு விழும். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள் வரிசையாக இறங்கி வரும். சுடச் சுட மிச்சமுள்ளவை வேகமாக ஓடும். அந்தக் கால மெசினுக்கு 55ஐயும் வரைவது பெரிய பாரம், எண்ணிக்கை குறையக் குறைய அதற்குச் சுமை இறங்கி வேகம் கூடியது. செய்தவர் தோமோஹிரோ நிஷிகாடோ, அது நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார். போகப் போகக் கஷ்டம் ஏறவேண்டும் என்ற வழக்கத்துக்கு அது நல்ல உதாரணம்.

இனி எனக்கு மிகப் பிடித்த சொல், 'ஹிட்பொக்ஸ்'. நாங்கள் கிளித்தட்டு விளையாடிய காலத்தை நினைத்துப் பார். கோட்டில் நிற்கிறவன் "பட்டுது!" என்பான், ஓடினவன் "சட்டையிலதான் பட்டது, உடம்பில படேல்ல" என்பான். அரை நாள் சண்டை அதிலேயே போகும். கொம்பியூட்டருக்கு இந்தச் சண்டை தெரியாது. அதனால் கேம் செய்கிறவர்கள் ஒவ்வொரு ஆளையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளைப் போட்டு வைக்கிறார்கள். குண்டு அந்தப் பெட்டிக்குள் வந்தால் பட்டது, வராவிட்டால் படவில்லை. படத்தில் தலைமுடி பறக்கும், அங்கி விரியும், அதெல்லாம் பெரும்பாலும் கணக்கில் சேராது. குண்டுகள் மழையாய்ப் பொழியும் சில கேம்களில் எங்கள் விமானத்தின் ஹிட்பொக்ஸ் நடுவில் ஒரு சின்னப் பொட்டு அளவுதான். சிறகைக் குண்டு உரசிப் போனாலும் ஒன்றும் ஆகாது, மயிரிழையில் தப்பினோம் என்று ஆடுகிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்பை அவனுக்கு வேண்டுமென்றே கொடுக்கிறார்கள். "எனக்குப் படேல்ல அப்பா!" என்று தம்பி கத்தினால் அவன் கதைப்பது இந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

சிலவேளை அவன் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்திருப்பான். அதற்குக் காரணம் 'பிங்'. முந்தி வெள்ளவத்தையில் கொமினிகேஷன் கடையில் நின்று கனடாவுக்குக் கதைத்தோமே, நாங்கள் ஹலோ சொல்லி முடித்துக் கொஞ்சம் பொறுத்துத்தான் அங்கிருந்து ஹலோ வரும். அதே தாமதம்தான். கேமின் சேர்வர், அதாவது எல்லோருடைய ஆட்டத்தையும் நடத்தும் கொம்பியூட்டர், சிங்கப்பூரில் இருக்கிறது என்று வை. கொழும்பிலிருந்து அது ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கண்ணாடி நாரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீற்றர் போகும். போய்த் திரும்ப 27 மில்லிசெக்கன்ட் ஆகும், அதற்குக் குறைய யாராலும் முடியாது. கேபிள் நேராகப் போவதில்லை, வழியில் எத்தனையோ கருவிகள், வீட்டில் வைஃபை, எல்லாம் சேர்ந்து அது 60, 80, 100 என்று ஏறும். கேம் ஒரு செக்கனுக்கு 60 படம் காட்டுகிறது என்றால் ஒரு படத்துக்கு 17 மில்லிசெக்கன்ட்கூட இல்லை. பிங் 100 என்றால் இவன் அமத்தியதற்குச் சேர்வரின் பதில் ஆறு படம் பிந்தித்தான் வந்து சேர்கிறது. எதிராளி சுட்ட அந்தக் கணத்தில் அவன் திரையில் தம்பி இன்னும் வெளியேதான் நிற்கிறான். பல கேம்களில் சேர்வர் சுட்டவன் கண்டதையே எடுத்துக்கொள்ளும். இந்தத் தாமதத்தைத்தான் 'லாக்' என்கிறான், ஆகவே அதைத் தோல்விக்குச் சாட்டு என்று எண்ணாதே. நீ மற்ற அறையில் படம் டவுன்லோட் போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நீ கவனமாக இருக்கவேண்டும். 'ஸ்கின்' என்பது உடுப்பு மாதிரி, துப்பாக்கியின் நிறத்தை மாற்றும், பொதுவாகப் பலத்தைக் கூட்டாது. பிள்ளைகளுக்கு அதில் ஆசை வருவது இயல்பு, எங்களுக்குப் புதுச் சப்பாத்தில் வந்தது போல. ஒரு விலை போட்டு நேராக விற்றால் பரவாயில்லை. 'லூட் பொக்ஸ்' அப்படி இல்லை, பெட்டியைத் திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். 'கச்சா' என்பதும் அதேதான். ஜப்பானில் காசு போட்டுக் கைபிடியைத் திருகினால் குமிழுக்குள் ஒரு பொம்மை விழும் மெசின் இருக்கிறது, அதிலிருந்து வந்த பெயர். அதற்கும் முதலில் ரூபாயை டயமண்ட் என்று கேமுக்குள் மட்டும் செல்லும் காசாக ஆக்கிவிடுவார்கள், பிறகு ஒரு பெட்டி எத்தனை ரூபாய் என்பது பிள்ளைக்கு மறந்துவிடும். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, சில கேம்களில் காசுக்கு விற்ற இந்தப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று முடிவு செய்தது.

சின்னவன் ஒரு கேமில் ஒரு துப்பாக்கி ஸ்கின்னுக்காகக் கிழமைக் கணக்கில் போனுக்கு ரீலோட் காசு கேட்டுக்கொண்டிருந்தான். கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. "நூறு தரம் திறந்தா கட்டாயம் கிடைக்கும்தானே அப்பா" என்றான். கணக்குக் கொப்பியை எடுத்து வரச் சொன்னேன். ஒரு தரம் கிடைக்காமல் போவதற்கு 0.99. இரண்டு தரமும் கிடைக்காமல் போவதற்கு 0.99ஐ 0.99ஆல் பெருக்கவேண்டும். கல்குலேட்டரில் அவனையே நூறு தரத்துக்குப் பார்க்கச் சொன்னேன். 0.366 வந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப நூறு பேர் நூறு தரம் திறந்தா, 36, 37 பேருக்கு ஒண்டுமே கிடைக்காது" என்றான். சில கேம்களில் இத்தனை தரத்துக்குள் கட்டாயம் தருவோம் என்று ஒரு எல்லை வைப்பார்கள். ஆனாலும் அந்த எல்லை வரைக்கும் போக எவ்வளவு ரூபாய் என்று தம்பியோடு சேர்ந்து ஒருமுறை கணக்குப் பார். நீ கணித வாத்தியார், உன்னைவிட நன்றாக யார் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்.

மற்றச் சொற்கள் சுலபம். லூட் என்றால் பொறுக்கி எடுக்கும் பொருட்கள். ஒரு ஆயுதத்தின் பலத்தைக் கூட்டினால் 'பஃப்', குறைத்தால் 'நேர்ஃப்'. நேர்ஃப் என்பது பஞ்சுக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கியின் பெயர், அதுபோல ஆக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆடி ஆடிச் சேர்ப்பது 'எக்ஸ்பி', அது சேர்ந்தால் லெவல் ஏறும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அதைச் சேர்ப்பது 'கிரைண்ட்'. 'நூப்' என்று யாராவது அவனைச் சொன்னால் அது பழகாதவன் என்ற நக்கல்.

ஒன்றை மட்டும் உன் கண்ணால் பார்க்கவேண்டும். 1985இல் வந்த சூப்பர் மாரியோவின் முதல் கட்டம். எத்தனை தரம் ஆடியிருப்போம், ஆனால் கவனித்ததில்லை. மாரியோ இடது பக்கம் நிற்பான், வலது பக்கம் வெறும் வெளி, ஆகவே கை தானாக வலப்பக்கம் போகும். கொஞ்சம் நடந்ததும் ஒரு சின்ன எதிரி நேரே வரும். ஒன்றும் செய்யாவிட்டால் சாவாய், தொடங்கி ஐந்து செக்கன்தான் ஆகியிருக்கும், அதனால் நட்டமில்லை. அடுத்த முறை துள்ளுவாய். துள்ளும்போது தலை பெட்டியில் இடித்துக் காளான் ஒன்று வெளியே வரும். அது வலப்பக்கம் ஓடி, குழாயில் முட்டி, உன்னை நோக்கியே திரும்பி வரும். அது கெட்டது என்று நினைத்து விலகப் பார்த்தாலும் பெரும்பாலும் பட்டுவிடும், பட்டதும் மாரியோ பெரியவன் ஆவான். ஒரு எழுத்து விளக்கம்கூட இல்லாமல் நடக்க, துள்ள, எதை மிதிப்பது, எதை எடுப்பது எல்லாம் அரை நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தாயிற்று. ஷிகெரு மியாமோட்டோ செய்த வேலை அது. இருபது வருடம் வகுப்பில் நிற்கிற உனக்கு அதன் அருமை என்னைவிட நன்றாக விளங்கும்.

டிசம்பர் லீவுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. போன மாதம் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டாவது கொன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன், ஒரே திரையில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். முதல் நாள் நீயும் அவனும் ஆடுங்கள், நானும் சின்னவனும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உனக்கு எந்த பட்டன் எதற்கு என்று அவனே சொல்லித்தரட்டும். அம்மாவும் இப்போது திரை தெளிவாகத் தெரிகிறது என்று பின்னேரம் எங்களோடுதான் இருக்கிறார். ரயிலுக்கு சீட் புக் பண்ணினதும் சொல், கோட்டைக்கு வந்து நிற்கிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தை மச்சான்