ஒட்டாத ஜல்லியைப் பெருக்கித் தாருங்கள்: அயர்லாந்தின் மாவட்ட மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்தின் மாவட்ட மன்றங்களில் சாலைப் பராமரிப்பைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கோடை பிறந்ததும் உங்கள் பணியாளர்கள் கிராமத்துச் சாலைகளில் தாரைத் தெளித்து, அதன் மேல் பொடி ஜல்லியைப் பரப்பி, ரோலரை ஓட்டிவிட்டுப் போவது எதற்காக என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழைநீர் உள்ளே இறங்காமல் தடுத்து, பழைய சாலையை இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வைக்கும் சிக்கனமான வழி அது என்பதை நானும் ஏற்கிறேன். இந்நாட்டில் தேசியச் சாலைகள் ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்றும், எஞ்சிய தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் வட்டார, உள்ளூர்ச் சாலைகள் உங்கள் தலையில் விடிகின்றன என்றும் அறிவேன். ஆகவே ஜல்லி போடாதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. போட்டதில் ஒட்டாமல் கிடப்பதைப் பெருக்கி எடுத்துவிடுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

இம்மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தபாலில் வருகிறது. தமிழிலும் வெளியிடக் காரணம், இங்கே வேலைக்கு வந்து, வார இறுதியில் சைக்கிளில் நாட்டுப்புறம் சுற்றும் பழக்கம் தொற்றிக்கொண்ட எங்களைப் போன்ற சிலரும் இதைப் படித்து எச்சரிக்கையாக இருக்கட்டும் என்பதுதான்.

கடந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை ஆறு பேர் கிளம்பினோம். வழிகாட்டி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது அறுபத்தேழு. கிராமத்து ஆசிரியரை ‘மாஸ்டர்’ என்று அழைக்கும் வழக்கம் இந்நாட்டிலும் இருப்பதால், எங்கள் குழுவில் அவர் பெயர் மாஸ்டர் என்றே நிலைத்துவிட்டது. சாலைக்கு ஐரிஷ் மொழியில் ‘போஹர்’ என்று பெயர், அதன் முதலெழுத்தான ‘போ’ என்றால் பசு, பசு நடந்த தடமே சாலையானது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். அந்தப் பசுக்கள் இரண்டு சேர்ந்து நடக்க முடியாத அளவுக்கு ஒடுங்கி, நடுவில் புல் முளைத்துக் கிடக்கும் ‘போரீன்’ என்ற குறுஞ்சாலை ஒன்றின் வழியாக வந்து, ஊருக்கு இறங்கும் சாலையில் இடப்பக்கம் திரும்பினோம். கீழே ஒரு கல்பாலம், அதைத் தாண்டிக் கூரையிழந்த பழைய மடாலயம், அதற்கெதிரே காபி கிடைக்கும் ஒரே கடை. முதலில் திரும்பியவர் மாஸ்டர். அரிசியைத் தகரத்தில் கொட்டினாற்போல ஒரு சத்தம் கேட்டது. அவருடைய முன்சக்கரம் பக்கவாட்டில் சரிந்து போனதை நான் பார்த்த நொடியில் என்னுடையதும் போய்விட்டது.

எனக்கு முழங்காலில் தோல் உரிந்ததோடு சரி. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் இடுக்கியால் அவருடைய உள்ளங்கையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து எஃகுக் கிண்ணத்தில் போட்டார். தார் பூசிய கற்கள் என்பதால் விழும்போது சத்தமே வரவில்லை. பதினொன்று எண்ணினேன். நாற்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை அது. ‘இனி இடது கையால் தேநீர் கலக்கப் பழக வேண்டும்’ என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கோபப்படாததால்தான் நான் எழுத வேண்டியதாயிற்று.

எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. பணி நடந்த சாலையின் இரு முனைகளிலும், கோப்பில் எழுதத் தகுந்த இடங்களில், பளிச்சென்று இருந்தது. நாங்களோ இடையில் வந்து சேர்ந்தவர்கள். போரீன் வந்து முட்டும் இடத்தில் எதுவும் இல்லை. வரைபடத்தைப் பார்த்து அமைதியான வழி தேடும் சைக்கிள்காரர்கள் யாருமே முனையிலிருந்து வருவதில்லை; இப்படிப்பட்ட சந்துகளின் வழியாகத்தான் வருவார்கள்.

திங்கட்கிழமை தொலைபேசியில் பேசிய அலுவலர் மிகவும் கனிவாக, வண்டிகள் ஓட ஓட ஜல்லி தானே படிந்துவிடும், அந்தச் சாலையில் வண்டிகள் குறைவு என்பதால் கொஞ்சம் நாளாகும் என்றார். ஆறுதலாகச் சொன்ன அந்தச் சொல்லில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. கார்ச்சக்கரம் உருளும் இரண்டு தடங்களில் மட்டுமே கல் அழுந்துகிறது. மற்றவை தெறித்து ஓரத்திலும் நடுவிலும் வரப்புப் போலக் குவிகின்றன. ஓரம் எங்களுடைய இடம். வண்டிகள் அதிகம் ஓடும் சாலையில் சில நாளில் தீர்ந்துபோகும் இந்தத் தொல்லை, வண்டிகள் குறைந்த சாலையில் வாரக்கணக்கில் நீடிக்கிறது. வண்டிகள் குறைவு என்று சொல்லித்தானே, ஐயா, அம்மா, அதே சாலைகளைச் சுற்றுலாத் துண்டறிக்கையில் போட்டு எங்களை வரச் சொல்கிறீர்கள்? எங்களை எங்கே அழைக்கிறீர்களோ அங்கேதான் கல் மிக நீண்ட நாள் கிடக்கிறது. அதைப் பெருக்கி எடுங்கள்.

அழைப்பில் பொய் எதுவும் இல்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். நோர் ஆற்றங்கரையில் பெனட்ஸ்பிரிட்ஜில் தொடங்கி, தாமஸ்டவுன் வழியாக, பத்து வளைவுப் பாலம் நிற்கும் இனிஷ்டீக் வரை மேடும் பள்ளமுமாக ஓட்டியவர்கள், ஊர் திரும்ப மனம் வராமல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிடுவார்கள். 1763-இன் பெருவெள்ளம் அந்த ஆற்றின் பழைய பாலங்களை அடித்துப் போன பிறகு கட்டப்பட்டவை இன்றும் நம்மைத் தாங்குகின்றன. பாய்ன் பள்ளத்தாக்கில், நாற்சந்தியின் நான்கு மூலைகளிலும் ஒரே அச்சில் வார்த்த நான்கு வீடுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஸ்லேனிலிருந்து புறப்பட்டால், அயர்லாந்தில் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியரின் முதல் மடமாக 1142-இல் எழுந்த மெல்லிஃபான்டையும், உயரமான கற்சிலுவைகளும் வட்டக் கோபுரமும் நிற்கும் மொனாஸ்டர்பாய்ஸையும் ஒரு காலைப்பொழுதிலேயே பார்த்துவிடலாம். இப்படிப்பட்ட வழிகள் உலகில் அதிகம் இல்லை. நாங்கள் விழுந்தது இவ்வூர்களில் அல்ல. எங்கே என்று இங்கே எழுதப்போவதுமில்லை. எழுதினால், 31 உள்ளாட்சி மன்றங்களில் முப்பது, தங்களைப் பற்றிய பேச்சு இல்லையென்று நிம்மதியாகிவிடும்.

ஒரு வழக்கறிஞரிடம் பேசினோம். அவரிடம் கற்றது எங்களுக்குப் புதிது, உங்களுக்குப் பழையது. சாலையைப் பழுது பார்க்காமலே விட்டுவிட்டால் மன்றத்துக்குப் பொறுப்பு இல்லை. பழுது பார்க்கப் போய்த் தவறாகச் செய்தால்தான் பொறுப்பு வரும். இந்த விலக்கை நீக்குவதற்காக 1961-ஆம் ஆண்டின் சிவில் பொறுப்புச் சட்டத்தில் 60-ஆம் பிரிவை எழுதி வைத்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நடைமுறைக்கு வரவே இல்லை. ஆக, ஜல்லியைப் போட்டது செயலா, பெருக்காமல் விட்டது செயலின்மையா என்ற தத்துவ விசாரணையை நாங்கள் தொடங்க வேண்டுமாம். மாஸ்டருக்கு அதில் நாட்டமில்லை. எனக்கும் இல்லை. எங்களுக்கு நட்ட ஈடு வேண்டாம், துடைப்பம் வேண்டும்.

2024 ஜனவரியில் வெளியான தேசிய மிதிவண்டி வலையமைப்புத் திட்டம், இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களையும் கிராமங்களையும் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தடங்களால் 2040-க்குள் இணைக்கப் போவதாகச் சொல்கிறது. மகிழ்ச்சி. அதற்குள் மாஸ்டருக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். 2025 பிப்ரவரி 7 முதல் உள்ளூர்க் கிராமச் சாலைகளின் வேக வரம்பு 80-லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைந்ததற்கும் நன்றி. ஆனால் தளர்ந்த ஜல்லியில் அறுபதில் கடந்து செல்லும் கார் எங்கள் முகத்தில் எறிவது கல்தான் என்பதை அந்த வரம்பு மாற்றவில்லை. செப்டம்பர் வந்தால் அடுத்த கதை. பறவைகள் கூடு கட்டும் காலம் என்று மார்ச் முதல் ஆகஸ்டு முடிய உயிர்வேலியை வெட்டத் தடை இருப்பது நியாயமானது. தடை நீங்கியதும் இயந்திரம் சாலையோர முள்வேலியைச் சிதைத்துத் தள்ள, அந்த முட்கள் குளிர்காலம் முழுவதும் எங்கள் டயர்களில் ஏறுகின்றன. ஒரே சவாரியில் மூன்று பஞ்சர், அதுவும் மழையில், கையுறையைக் கழற்றிவிட்டு. வேலியை வெட்டுபவர் நில உரிமையாளராக இருக்கலாம், சாலை உங்களுடையது. ஆனால் நான் ஜல்லிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். முள்ளை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே பணிவுடன் வேண்டுவது: பணி முடிந்த சில நாட்களுக்குள் ஒருமுறையும், இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் பெருக்கும் வண்டியை அனுப்புங்கள், குறிப்பாக இறக்கங்களுக்கும் வளைவுகளுக்கும் பாலத்து முகப்புகளுக்கும். பணி நடக்கும் நீளத்தில் வந்து சேரும் ஒவ்வொரு குறுஞ்சாலையின் வாயிலிலும் பலகை வையுங்கள். நீங்களே அம்புக்குறி நட்டு அறிவித்த சைக்கிள் வழிகளில் எந்த வாரம் ஜல்லி விழும் என்பதை முன்கூட்டிச் சொன்னால் நாங்கள் வேறு பக்கம் போய்க்கொள்வோம். வண்டி அனுப்ப ஆளில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். ஆறு பேர் இருக்கிறோம், அவர்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு கை சரியில்லை.

இதை எழுதும் இன்றும், விழுந்து ஐந்து வாரமாகியும், அந்த வளைவில் ஜல்லி அப்படியே கிடக்கிறது. நேற்று காரில் போய் இறங்கிப் பார்த்தேன். கிண்ணத்தில் விழுந்த பதினொன்றில் ஒன்றை மாஸ்டர் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறார். இன்னொன்றை, உரிய மன்றத்துக்குச் செல்லும் ஆங்கிலப் பிரதியுடன் உறையில் வைத்திருக்கிறேன். உங்கள் சாலைக்குரியது, பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதினால் போதும். மருத்துவர் அனுமதித்தால் செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை மீண்டும் அதே வழியில் இறங்க எண்ணியிருக்கிறோம். அதற்குள் பெருக்கித் தருமாறு மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இரண்டாவதாக விழுந்த சைக்கிள்காரர்