வலிக்கிறது என்று சொன்னால் இடம் போகுமா? நடன ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நடனம் சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும், நடனப் பள்ளி நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். 11 ஆண்டுகள் மாணவியாக இருந்தவள் நான். இப்போது மாலை வேளைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இதில் நான் கேட்பதெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான்.

எனக்கு 16 வயதில் இடது கணைக்காலின் முன்னெலும்பில் ஓர் இடம் வலிக்க ஆரம்பித்தது. முதலில் வகுப்பு முடிந்த பிறகு மட்டும். அப்புறம் வகுப்பின் நடுவிலேயே. அப்புறம் படி இறங்கும்போது. கடைசியில் இரவு சும்மா படுத்திருக்கும்போதும். ஒரு விரலால் தொட்டு இங்கேதான் என்று காட்டிவிடலாம், நாணயம் அளவு இடம். 4 மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் எனக்கு முன்பே ஒருத்தி கணுக்கால் வலிக்கிறது என்று சொல்லியிருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, "ஓய்வெடும்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அடுத்த வாரம் அவள் இடத்தில் இன்னொருத்தி நின்றாள். கால் சரியாகி வந்த பிறகும் அந்த இடம் அவளுக்குத் திரும்பவில்லை. நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த ஆண்டு நாங்கள் மறக்காமல் கற்ற பாடம் அதுதான்.

எனக்கு வந்தது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். ஒரே அடியில் ஒடிகிற எலும்பு முறிவு இல்லை இது. எலும்பு குதிக்கக் குதிக்கக் கொஞ்சம் சிதையும், ஓய்வில் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். கட்ட நேரம் கொடுக்காமல் மேலும் மேலும் குதித்தால் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். 4 மாதம் கழித்தும் என் எக்ஸ்ரே சுத்தமாகவே வந்தது. "ஒன்றுமில்லையாம்!" என்று துள்ளிக் குதித்து மறுநாளே வகுப்புக்குப் போனேன். அந்தத் துள்ளலுக்குச் சேர்த்து 5 மாதம் நடனமே இல்லாமல் உட்கார்ந்தேன். ஆரம்பத்திலேயே வாயைத் திறந்திருந்தால் சில வாரங்களோடு போயிருக்கும் என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வலிக்கிறது என்று சொன்னதற்காக யாருடைய இடமும் போகாது என்று உங்கள் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்டின் தொடக்கத்தில், பெற்றோரும் இருக்கும்போது சொல்லுங்கள். பிறகு அதைக் காப்பாற்றுங்கள். சொல்வது சுலபம். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது முன்வரிசைப் பெண் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அதற்குத்தான் முக்கியமான ஒவ்வோர் இடத்துக்கும் இன்னொருவரை முதலிலிருந்தே தயார் செய்து வைக்க வேண்டும். மாற்றாள் இருந்தால் யாருக்கும் பதற்றம் இல்லை. அடிபட்டவளும் வீட்டில் முடங்க வேண்டியதில்லை. வகுப்புக்கு வந்து உட்கார்ந்து, கையால் மட்டும் செய்து பார்த்து, எண்ணிக்கையை மனதில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். திரும்பி வரும்போதும் முதலில் மெதுவான அடிகள், பிறகு பாதி வகுப்பு, கடைசியில்தான் குதிப்பு.

எல்லா வலிக்கும் நிறுத்தினால் வகுப்பு எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். எல்லா வலியும் ஒன்றில்லை. புதிதாக எதையாவது நிறையச் செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு தொடையும் சேர்ந்து வலித்தால், உடம்பு சூடானதும் அது குறைந்தால், அது தசையின் அலுப்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு பக்கம் மட்டும், ஒரு புள்ளியில் மட்டும் வலிப்பது, ஆட ஆட ஏறுவது, இரவில் எழுப்புவது, வீங்குவது, நடையையே மாற்றுவது, இவைதான் கவலைப்பட வேண்டியவை. இதைப் பிரித்துப் பார்க்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. எங்கே, எப்போதிலிருந்து, ஆடினால் கூடுகிறதா குறைகிறதா, தூங்க முடிகிறதா என்று நாலு கேள்வி கேட்டாலே போதும். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வர வேண்டும். பயந்த பிள்ளை "ஒன்றுமில்லை மிஸ்" என்றுதான் சொல்லும்.

நடனத்தில் வரும் காயங்களில் பெரும்பாலானவை தவறி விழுந்து வருபவை அல்ல. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாரம் விழுந்து வருபவை, அதுவும் இடுப்புக்குக் கீழே. மெதுவாக வருகிற காயத்தை நடுவில் தடுக்க நிறைய நாள் இருக்கிறது. அந்த நாட்களை எல்லாம் வீணாக்குவது மௌனம்தான்.

வளரும் வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நிறையப் பிள்ளைகள் அநியாயமாகத் திட்டு வாங்குகிறார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதிலும் பையன்களுக்கு 13, 14 வயதிலும் உயரம் சடாரென்று ஏறும். எலும்பு முன்னால் ஓடும், தசை பின்னால் வரும். போன மாதம் காலைத் தொட்ட கை இந்த மாதம் தொடாது. சுற்றினால் தள்ளாடுவார்கள். அதைச் சோம்பல் என்றும் கவனமில்லை என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். முழங்காலுக்குக் கீழே முண்டு போல வந்து வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர், குதிகாலில் வலிக்கும் செவர், இரண்டும் இந்த வயதில் தசைநாண் வளரும் எலும்பைப் பிடித்து இழுப்பதால் வருபவை. சில மாதம் குதிப்பைக் குறைத்து, அந்த நேரத்தில் முகபாவம், இசை, தாளம் என்று வேறு வேலை கொடுத்தால் பிள்ளை ஒன்றும் இழக்காது.

பரதநாட்டியத்தின் அரைமண்டியானாலும் பாலேயின் டர்ன்-அவுட்டானாலும் பாதம் வெளியே திரும்ப வேண்டும் என்றால் அது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அந்த மூட்டின் குழி எந்தப் பக்கம் பார்க்கிறது, தொடை எலும்பின் கழுத்து எவ்வளவு திருகியிருக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. இடுப்பில் இல்லாததைப் பாதத்தைத் தரையில் அழுத்தித் திருப்பி வாங்கினால் கடன் முழங்காலிலும் கணுக்காலிலும் ஏறும். "இன்னும் திருப்பு" என்று சொல்லும் முன் ஒரு முறை இடுப்பைப் பாருங்கள். அதேபோல, ரப்பர் போல வளைகிற பிள்ளையைப் பார்த்து எல்லோரும் கைதட்டுகிறோம். மூட்டு அதிகம் தளர்ந்த அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இன்னும் வளைவு இல்லை, அதைப் பிடித்து நிறுத்தும் தசைபலம்.

தரை, உறக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் மேல் ஓடு பதித்த தரையில் தினமும் குதிக்க வைக்காதீர்கள், கொஞ்சம் அமுங்கித் திரும்பும் மரத்தளம் வேண்டும். அது முடியாவிட்டால் குதிப்பைக் குறைக்கலாம். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பத்து மணிவரை ஒத்திகை வைத்துவிட்டு காலையில் "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்பதில் என்ன நியாயம்?

அடுத்தது உடல் எடை. இதில் நானும் குற்றவாளிதான்.

விடுமுறை முடிந்து வந்த 9 வயதுப் பெண்ணிடம் "நல்லா சாப்பிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அடுத்த சில வாரங்கள் இடைவேளையில் அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை என்று அவளுடைய தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. 9 வயது! அன்றிலிருந்து யாருடைய உடம்பைப் பற்றியும், நல்லதாகக்கூட, நான் பேசுவதில்லை. "இளைச்சிருக்கே, அழகா இருக்கே" என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆடுவதற்குச் செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு மிச்சம் பிடிக்க ஆரம்பிக்கும். முதலில் மாதவிடாயை நிறுத்தும், பிறகு எலும்பில் கை வைக்கும். நோய் எதிர்ப்பு குறையும், மனநிலை சரியும், கவனம் போகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது, விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அதற்கு முன்பு இதைப் பெண்களுக்கு மட்டுமே வருவதாக வைத்துப் பேசினார்கள். ஆண்களுக்கும் வரும். "நிறைய ஆடினால் மாதவிடாய் நிற்பது சகஜம்" என்று எத்தனை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! 15 வயதாகியும் வராவிட்டாலோ, வந்துகொண்டிருந்தது தொடர்ந்து 3 மாதம் நின்றாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பின் பெரும்பகுதி பதின்ம வயது முடிவதற்குள் சேர்ந்துவிடுகிறது. அப்போது விட்டதைப் பிறகு முழுதாக மீட்க முடியாது. உண்ணுதல் கோளாறுகள் வரும் வாய்ப்பு நடனமாடுபவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு அதிகம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஓர் அலசல் சொல்கிறது. வகுப்பறையில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் இன்றே வெளியே எடுத்து வையுங்கள்.

மனம் பற்றித் தனியாக ஒரு பகுதி எழுத நினைத்தேன். ஆனால் இதுவரை சொன்னதில் மனம் இல்லாத இடம் எது? உட்கார்ந்திருந்த அந்த 5 மாதத்தில் கால் வலியைவிட என்னைத் தின்றது வேறொன்று. 5 வயதிலிருந்து யார் கேட்டாலும் "நான் டான்ஸ் ஆடுவேன்" என்றுதான் என்னைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று தெரியவில்லை. தோழிகள் ஒத்திகைக்குப் போகும் நேரத்தில் போர்வைக்குள் போய்விடுவேன். அந்த நாட்களில் வகுப்பிலிருந்து ஒரு போன் வந்திருந்தால் போதும். "வந்து உட்காரு, சின்னவங்களுக்கு எண்ணிக்கை சொல்லு" என்று ஒரு வார்த்தை. வரவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தினமும் சில மணி நேரம் கண்ணாடி முன் நின்று தன் குறையைத் தேடுவது மற்றப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விதிக்கப்படாத வேலை. வாரத்தில் ஒரு நாள் கண்ணாடி மேல் திரையை இழுத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள், உடம்பை உள்ளிருந்து உணர்வார்கள். திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. "முட்டி உள்ளே போகுது" என்பது திருத்தம். "உனக்கெல்லாம் எதுக்கு டான்ஸ்" என்பது திருத்தமா? அப்புறம், உங்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல இன்னொருவர் வேண்டும். இடம் கொடுப்பதும் எடுப்பதும் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே மனம் திறக்கப் பெரியவர்களாலும் முடியாது. மனநல ஆலோசகர் ஒருவரின் எண்ணைச் சுவரில் ஒட்டி வைக்க என்ன செலவாகிவிடும்?

"எங்கள் காலத்தில் ரத்தம் வந்தாலும் ஆடினோம், ஒன்றும் ஆகவில்லை" என்று மூத்தவர்கள் சிலர் சொல்வார்கள். மதிப்போடுதான் கேட்கிறேன், உங்களோடு ஆடியவர்களில் ஒன்றும் ஆகாதவர்கள்தானே இன்று அதைச் சொல்ல மிச்சம் இருக்கிறீர்கள்? முட்டி போய், மனம் நொந்து, 17 வயதில் நின்றுபோனவர்கள் இந்த அறையிலேயே இல்லை. அவர்களில் உங்களைவிட நன்றாக ஆடக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

போன வாரம் என் வகுப்பில் ஒரு பையன் நடுவில் நின்று "குதிகால் வலிக்குது" என்றான். சொன்ன அவனை யாரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. "உட்காரு, கையால் மட்டும் செய், உன் இடம் அங்கேயே இருக்கு" என்று சொல்லி, அவன் நின்ற இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு வகுப்பைத் தொடர்ந்தேன். அடுத்த வகுப்பில் இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருத்தி சும்மா சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். பரவாயில்லை, அவளையும் உட்கார வைத்தேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி