செய்மதி வானொலிக்குச் சந்தா கட்டுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கார் வாங்குவோருக்காகத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான ஆலோசனைக் கட்டுரை, பனிக்கால ரயர் முதல் காப்புறுதி வரை பலவற்றையும் விரிவாகச் சொல்லியிருந்தபோதிலும், காரோடு சேர்ந்து வருகின்ற செய்மதி வானொலியைப் பற்றி மட்டும் 'சில மாதம் இலவசம்' என்ற ஒற்றை வரியுடன் நின்றுவிட்டது. அந்த இலவசக் காலம் முடிகின்ற வாரத்தில்தான் கடிதமும் தொலைபேசி அழைப்பும் வரத் தொடங்கும். நம்மவர்களில் பலர் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரியாமலே கடனட்டை இலக்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள். வேறு சிலரோ, இதுவும் ஓர் ஏமாற்று வேலை என்று கேட்காமலே துண்டித்துவிடுகிறார்கள். இரண்டு முடிவுமே பொதுவிதியாகிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை, கடை, கோயில், பிள்ளைகளின் வகுப்பு என்று ரொறன்ரோப் பெரும்பாகத்துக்குள்ளேயே கார் ஓடுகின்ற குடும்பத்துக்குச் செய்மதிச் சந்தா தேவையில்லை. வடக்கு ஒன்ராறியோவுக்கு அடிக்கடி போய்வருபவருக்கும், மேற்கு மாகாணங்களுக்குப் பாரவூர்தி ஓட்டுபவருக்கும், நேரடி ஒலிபரப்பைப் பொறுத்தவரை அதற்கு ஈடான வேறொன்று இன்னும் கைக்கு வரவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அது வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

சாதாரணப் பண்பலை வானொலிக் கோபுரத்தின் ஒலி, கோபுரத்தின் உயரத்தையும் வலுவையும் பொறுத்து, ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தாண்டுவதற்குள் கரகரத்து மறைந்துவிடும். செய்மதி வானொலியில் அந்தக் கோபுரத்தின் வேலையை, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகள் செய்கின்றன. அந்த உயரத்தில் ஒரு செய்மதி பூமியைச் சுற்றி வரும் வேகமும் பூமி தன்னைத் தானே சுற்றும் வேகமும் ஒத்துப்போவதால், கீழிருந்து பார்ப்பவருக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். நிலையத்திலிருந்து மேலே அனுப்பப்படும் நிகழ்ச்சிகளை அது வாங்கி, 2,320 முதல் 2,345 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைப்பட்டையில், அமெரிக்காவின் பெரும்பகுதியும் கனடாவின் தென்பகுதியும் நனையும்படி திரும்பப் பொழிகிறது. கார்க் கூரையின் பின்புறத்தில் சுறாவின் துடுப்புப்போல் துருத்தி நிற்கும் சிறிய அன்ரெனாவே அதைப் பிடிக்கிறது. மழையால் இந்த அலைக்குப் பெரிய பாதிப்பில்லை. ஆனால் ஈரப்பனி அந்தத் துடுப்பின்மேல் கட்டியாக உறைந்துவிட்டால் ஒலி தடுமாறும். கண்ணாடியைச் சுரண்டும்போதே அதையும் ஒருமுறை தட்டிவிடுவது நல்லது.

தொடக்கத்தில் இரண்டு நிறுவனங்கள் இதை இரண்டு விதமாகச் செய்தன. 1997இல் அமெரிக்க அரசு ஏலத்தில் விட்ட அலைப்பட்டையை எடுத்த அவற்றுள், 2001 செப்ரெம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கிய எக்ஸ்.எம். நிறுவனம், ராக், ரோல் என்று பெயரிடப்பட்ட இரு செய்மதிகளை நிலநடுக்கோட்டின்மேல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த சிரியஸ், நீள்வட்டப் பாதையில் மூன்று செய்மதிகளைச் சுழல விட்டது. அவை மாறிமாறி வட அமெரிக்காவின் உச்சிவானத்துக்கு நெருங்கி வந்ததால், கனடாபோல் வடக்கே தள்ளியிருக்கும் நாட்டில் கட்டடங்களையும் மரங்களையும் தாண்டிப் பார்க்க வசதியாக இருந்தது. அழகான ஏற்பாடு, ஆனால் செலவானது. பின்னர் சிரியஸின் செய்மதிகளும் நிலைத்து நிற்கும் வகைக்கே மாறின. கனடாவில் ஒலிபரப்பு ஆணைக்குழுவான சீ.ஆர்.ரி.சி. 2005 ஜூனில் அனுமதி வழங்கிய பிறகு இரு சேவைகளும் இங்கு வந்தன. அமெரிக்க நிறுவனங்கள் 2008இலும் கனடிய நிறுவனங்கள் 2011இலும் ஒன்றிணைந்தபின், இன்று எஞ்சியிருப்பது சிரியஸ் எக்ஸ்.எம். ஒன்றே. ஆகவே எந்த நிறுவனத்தைத் தேர்வது என்ற கேள்வி நமக்கு இல்லை. வேண்டுமா, வேண்டுமானால் எந்த அளவில் என்பது மட்டுமே கேள்வி.

ரொறன்ரோவிலிருந்து பார்த்தால் இந்தச் செய்மதிகள் தெற்கு வானத்தில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் சற்றுத் தாழ்வாகவே நிற்கின்றன. வீதியின் தென்புறத்தில் உயர்ந்த கட்டடம் ஒன்று இருந்தாலே பார்வை மறைந்துவிடும். இதற்காகத்தான் பெருநகரங்களில் தரையிலும் மீள்பரப்புக் கோபுரங்களை நிறுவியிருக்கிறார்கள். நகரின் நடுவில் நாம் கேட்பது, பெயருக்குச் செய்மதி வானொலியாக இருந்தாலும், பல வேளைகளில் அடுத்த தெருக் கோபுரத்தின் ஒலியே. பாலத்துக்குக் கீழே போகும்போது பாட்டு அறுந்துபோகாமல் இருப்பதற்கு வேறொரு உத்தி இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியை ஒரு செய்மதி உடனும் மற்றது சுமார் நான்கு விநாடி பிந்தியும் அனுப்புகின்றன. முந்தி வந்ததைக் காரிலுள்ள பெட்டி தன் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, பிந்தி வருவதோடு பொருத்தியே நமக்குத் தருகிறது. அதனால் ஒரு கணம் வானம் மறைந்தாலும் இரண்டில் ஒன்றிலிருந்து விடுபட்ட பகுதியை நிரப்பிவிடலாம். நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் மட்டும் இந்த உத்தி எடுபடாது. ஹொக்கி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி காரிலும் கேட்க நினைப்பவர், இரண்டும் ஒரே நேரத்தில் வராததைக் கண்டு பெட்டி பழுது என்று எண்ணவேண்டியதில்லை.

இப்போது பாதைக்கு வருகிறேன். 401 நெடுஞ்சாலையில் ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் வரை கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் அறுவதில்லை. அந்தப் பயணத்துக்கு ஒரு செயலியும் மாதாந்தத் தரவும் போதும். சூ சென் மரியைத் தாண்டி, சுப்பீரியர் ஏரியை ஒட்டி நெடுஞ்சாலை 17இல் வாவாவை நோக்கி ஏறும்போது நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. மொன்றியல் ரிவர் (மொன்றியல் நகரமல்ல, வழியில் வரும் ஓர் ஆறு) ஏற்றம், அதன்பின் மாகாணப் பூங்காவின் காடு, இரு புறமும் வெடிவைத்துப் பிளந்த பாறைச் சுவர்கள். கைப்பேசித் திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து மறைய, பண்பலையில் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அங்கேதான் செய்மதி தன் கூலியை உழைக்கிறது. மேற்கிலும் தென்மேற்கிலும் ஏரியாகத் திறந்து கிடக்கும் இடங்களில் செய்மதிக்கும் காருக்கும் இடையே தடை குறைவு. பாறை உயர்ந்து நெருங்கும் இடத்தில் மட்டும் சில விநாடி அடங்கி மீண்டும் வரும். இரவு தனியாக ஓட்டுபவருக்கு அந்நேரம் செய்தி வாசிக்கும் ஒரு மனிதக் குரல் கிடைப்பது, பதிவுசெய்து கொண்டுபோன பாடல்களால் ஈடுசெய்ய முடியாத உதவி. தண்டர் பேக்கு அப்பாலும், சமவெளி மாகாணங்களின் நெடுந்தூர வீதிகளிலும் இதே கதைதான். இப்படியான பாதை உங்களுடையது என்றால் சந்தாவைப் பற்றித் தயங்க வேண்டாம்.

நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு அதே நிறுவனத்தின் செயலியே ஒலித்தரத்தில் மேலானது. வானத்திலிருந்து வரும் அலைப்பட்டை அளவானது. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளை அடைப்பதற்காக ஒவ்வொன்றையும் இறுக்கிச் சுருக்குகிறார்கள். பேச்சில் அது தெரியாது. வயலின் உச்சத்திலும் தாளக்கருவியின் ஓசையிலும் காது உள்ளவருக்குத் தெரியும். இணைய வழியில் அந்த நெருக்கடி இல்லை. அண்மைக்கால வாகனங்கள் சிலவற்றில் செய்மதியும் கைப்பேசி வலையமைப்பும் சேர்ந்த பெட்டியே வருகிறது. தமிழ் கேட்பதற்காக மட்டும் எடுக்க நினைப்பவருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. முன்னொரு காலத்தில் பண்பலையின் துணையலையில் வந்த தமிழ் ஒலிபரப்பைக் கேட்க ஸ்காபரோ வீடுகளில் தனிப் பெட்டி வாங்கி வைத்திருந்தோம். இன்று அவையெல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. வெளியூரிலிருந்து வரும் தமிழ் நிலையங்களும் அவ்வாறே.

சந்தா வகைகளைப் பொறுத்தவரை, காரில் மட்டும் கேட்பது, கார் மற்றும் செயலி, செயலி மட்டும் என்ற மூன்றில் எது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். இசை மட்டுமா, விளையாட்டும் பேச்சும் வேண்டுமா என்பது அதன்பின். அறிவிக்கப்படும் மாதத் தொகையோடு இசை உரிமைக் கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் வரியும் சேரும் என்பதால், தொலைபேசியில் பேசுபவரிடம் 'என் அட்டையிலிருந்து மொத்தமாக எவ்வளவு கழிவீர்கள், இந்த விலை எந்தத் திகதி வரை, அதன்பின் எவ்வளவு' என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சலுகை முடிந்ததும் முழு விலையில் தானாகவே புதுப்பிக்கப்படுவதே வழக்கம். நிறுத்தப் போகிறேன் என்றதும் விலை இறங்குவதைக் கண்டு, சந்தையில் மீன் பேரம் பேசி வென்றவர்போல் மகிழ்பவர்கள் உண்டு. மீன்காரர் அடுத்த ஆண்டு அதே மீனுக்கு மறுபடி காசு கேட்டு வருவதில்லை என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

நிறுத்துவது எளிதா என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் லெற்றிஷா ஜேம்ஸ் 2023 டிசெம்பரில், சந்தாவை நிறுத்த விரும்புவோரை நீண்ட உரையாடலில் இழுத்தடிப்பதாகச் சிரியஸ் எக்ஸ்.எம். மீது வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பரில் அங்குள்ள நீதிபதி, அந்த நிறுத்தும் முறை இணைய வணிகத்தில் நுகர்வோரைப் பாதுகாக்கும் கூட்டரசுச் சட்டத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தார். அது அமெரிக்கத் தீர்ப்பு, இங்கு நம்மைக் கட்டாது. எனினும் ஒப்பந்தத்தில் 'நிறுத்தும் வழி' என்ற பகுதியைக் கையொப்பமிடும் முன் வாசிக்க அது போதுமான காரணம். அமெரிக்காவில் முன்பு விற்கப்பட்ட 'ஆயுட்காலச் சந்தா' யாருடைய ஆயுள், வாங்கியவருடையதா பெட்டியினுடையதா என்பதும் நீதிமன்றம் வரை போன விடயமே.

நீண்ட காலத்துக்கு முன்பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1998இலும் 2000இலும் ஏவப்பட்ட அஃப்ரிஸ்ரார், ஆசியாஸ்ரார் செய்மதிகளைக்கொண்டு ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் ஒலிபரப்பிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தமிழுக்கென்று தனி அலைவரிசையும் கர்நாடக இசைக்கென்று இன்னொன்றும் அதில் இருந்தன, ஏ. ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதுவர். யன்னலோரம் செய்மதியை நோக்கி அன்ரெனாவைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். ஓடும் காரில் அதைப் பரவலாகக் கேட்கும் வசதி இந்தியாவில் வரவேயில்லை. 2008 ஒக்டோபரில் நிறுவனம் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. இந்தியச் சேவை 2009 டிசெம்பர் 31ஆம் திகதியோடு நின்றது. அதற்கப்பால் அந்தப் பெட்டிகளால் எந்தப் பயனும் இல்லை. இந்தத் தொழிலில் பணம் எப்படிக் கரையும் என்பதற்கு இன்னோர் உதாரணம்: 2020 டிசெம்பரில் ஏவப்பட்ட சிரியஸ் எக்ஸ்.எம்.மின் எஸ்.எக்ஸ்.எம்.-7 செய்மதி வானத்தில் சோதனையின்போதே பழுதானது. அது 225 மில்லியன் டொலருக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. அந்த நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டு மறுவருடமே எஸ்.எக்ஸ்.எம்.-8ஐ ஏவியது என்பது உண்மை. ஆனாலும் ஓராண்டுக்குமேல் முன்கூட்டிப் பணம் கட்ட அது காரணமாகாது.

இறுதியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. செய்மதி ஒருவழிப் பாதை. யார் கேட்கிறார் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாள இலக்கம் உண்டு. சந்தா கட்டியதும், 'இந்த இலக்கத்தைத் திறந்துவிடு' என்ற கட்டளை எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாகவே வானிலிருந்து வருகிறது, உரிய பெட்டி மட்டும் அதற்குப் பணிகிறது. ஆகவே பணம் கட்டியபின் காரை வெட்டவெளியில் நிறுத்தி, வானொலியை இயக்கி, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இலக்கத்தைப் பார்க்க அலைவரிசையைப் பூச்சியத்துக்குத் திருப்புங்கள். அதில் ஆங்கில ஓ, ஐ, எஸ், எஃப் ஆகிய எழுத்துகளை வேண்டுமென்றே தவிர்த்திருப்பதால், வட்டமாகத் தெரிவது எப்போதும் பூச்சியம்தான். காரை விற்கும்போது சந்தா தானாக நின்றுவிடாது. பெட்டி புதியவரோடு போய்விடும், கட்டணம் உங்கள் அட்டையிலேயே தொடரும். சாவியைக் கொடுக்கும் முன் அந்த இலக்கத்தைக் குறித்து வைத்து, சந்தாவை நிறுத்துங்கள் அல்லது புதிய காருக்கு மாற்றுங்கள். நிறுத்தியதற்கான உறுதி இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை கார் வாங்குவோருக்கான கட்டுரை வெளியிடும்போது இந்தப் பகுதியையும் சேர்ப்பீர்கள் என எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மார்க்கம், ஒன்ராறியோ.